தோற்றது மருந்து இல்லை
1. இன்ஹேலரைச் சரியா எடுத்தும் மூச்சுத்திணறல் அடங்காம, ஸ்டீராய்டு மாத்திரையிலேயே வருஷக்கணக்கா ஓட்டுற ஆஸ்துமா நோயாளிகள் சிலர் உண்டு. அவங்களுக்கு இன்னைக்கு 'பயாலஜிக்' ஊசிகள் இருக்கு. அதுல ஒண்ணு, தேறாதுன்னு ஒதுக்கப்பட இருந்து தப்பிச்ச கதை இது.

2. இயோசினோபில் என்பது ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. இயோசின் சாயத்தில் சிவப்பேறும் இந்த அணுவை 1879ல் விவரித்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். சிலரோட ஆஸ்துமாவில் இவை மூச்சுக்குழாயில் குவிஞ்சு வீக்கத்தை உண்டாக்கும்.

3. 1958. இங்கிலாந்தின் டெர்பி நகர மருத்துவர் ஹாரி மோரோ பிரவுன், ஆஸ்துமா நோயாளிகளின் சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். இயோசினோபில் இருந்தவங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை நல்லா கேட்டது. இல்லாதவங்களுக்குக் கேட்கலை. ஆஸ்துமா ஒரே நோய் இல்லைங்கிற பாடம் அதில் இருந்தது.

4. இயோசினோபில் வளரவும் பிழைச்சிருக்கவும் ஐஎல்-5 என்ற புரதம் வேணும். அதைப் பிடிச்சு முடக்குற ஆன்டிபாடிதான் மெபோலிசுமாப். ஊசி போட்டதும் ரத்தத்தில் இயோசினோபில் குறைஞ்சது. ஆனா 362 பேரிடம் நடந்து 2007ல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்குச் சொல்லும்படி பலன் இல்லை!

5. ஏன்? இயோசினோபில் அதிகமா இருக்கான்னு பார்த்து ஆள் சேர்க்கலை. திருடனே இல்லாத வீட்டுக்கும் போலீஸை அனுப்பின மாதிரி. 1958ன் பாடம் மறந்துபோச்சு.

6. 2009. இங்கிலாந்தின் லெஸ்டரில் 61 பேர், கனடாவின் ஹாமில்டனில் 20 பேர். இந்த முறை இயோசினோபில் உள்ளவங்களை மட்டும் தேர்ந்தெடுத்தாங்க. மருந்து அதேதான். லெஸ்டரில் மருந்து பெறாதவங்களுக்கு வருஷத்துக்கு சராசரி 3.4 தீவிரத் தாக்குதல், பெற்றவங்களுக்கு 2.0. ஹாமில்டனில் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவையே வெகுவா குறைக்க முடிஞ்சது. 2015ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

7. அந்த மாத்திரை குறையறது சின்ன விஷயம் இல்லைங்க. நீண்ட நாள் எடுத்தா சர்க்கரை, எலும்புத் தேய்மானம், கண்புரைன்னு வரிசையா வரும்.

8. இந்த ஊசி எல்லா ஆஸ்துமாவுக்கும் அல்ல. விலையும் அதிகம். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டா, உங்க டாக்டரிடம் கேளுங்க: "என் இயோசினோபில் எண்ணிக்கை எவ்வளவு?" மாத்திரை எடுக்குற நாளில் அது குறைவா காட்டலாம், அதையும் சொல்லுங்க.

இன்ஹேலரையோ மாத்திரையையோ நீங்களா நிறுத்திடாதீங்க.