பொதிகைப் பச்சிலையும் ஆய்வுச் சாலையும்

மருந்துக்கு அடங்க மறுக்கும் கிருமிகள் பெருகிவரும் காலம் இது. 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே உலகை எச்சரித்தார். மருந்தைப் போதிய அளவில் உட்கொள்ளாவிடின் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்றார் அவர். அவ்வாறே நிகழ்ந்தது. பெனிசிலினை வென்ற கிருமிகளை ஒடுக்க மெதிசிலின் வந்தது. அதனையும் எதிர்த்து நிற்கும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமி 1961-இல் இங்கிலாந்தில் காணப்பட்டது. புதிய மருந்து தேடும் விஞ்ஞானிகள் பச்சிலைகளையும் நாடுவதில் வியப்பில்லை.

பச்சிலை என்றதும் தமிழர் நினைவில் எழுவது, அகத்தியர் வாழ்ந்ததாகக் கூறப்படும் பொதிகை மலை. அம்மலைத் தொடரின் மேற்குப் பகுதி திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் பாலோடு என்னும் ஊரில் 1979-இல் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டன. 1987-இல் மலையேறிய ஆய்வாளர்கள் களைத்துப் போயினர். வழிகாட்டிகளாக வந்த காணி மக்களோ ஒரு செடியின் கனிகளைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதனை ஆராய்ந்து அந்நிலையம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. 1995-இல் அதன் உரிமத்துக்குப் பெற்ற 10 இலட்சம் ரூபாயிலும், விற்பனையில் வரும் உரிமைத் தொகையிலும் சரிபாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது.

ஜீவனி களைப்பு நீக்கும் மருந்தேயன்றிக் கிருமிக்கொல்லி அன்று. ஆயினும் கிருமிகளுக்கு எதிரான மூலிகையைத் தேடுவோருக்கும் வழி இதுவே: மக்கள் கூறுவதைச் செவிமடுத்தல், சோதித்தல், பயனைப் பகிர்தல்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? இலையையோ வேரையோ உலர்த்திப் பொடித்து, நீரிலோ சாராயத்திலோ ஊறவைத்துச் சாறு எடுப்பர். கண்ணாடித் தட்டில் அகர் கூழின் மேல் கிருமிகளைப் பரப்பி, சாற்றில் தோய்த்த சிறு காகித வில்லைகளை வைப்பர். ஓரிரவு கழிந்தபின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தென்படின், அதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பர். இது முதற்படி மட்டுமே. எவ்வளவு குறைந்த அளவு போதும், மனித உயிரணுக்களுக்குத் தீங்கு உண்டா, உடலுள் சென்றபின் அவ்வாற்றல் நிலைக்குமா என்ற வினாக்கள் பின்னே நிற்கின்றன. தட்டில் வென்ற சாறுகள் பல, இவ்விடத்தில் தோற்றுவிடுகின்றன.

மூலிகை தானே கிருமியைக் கொல்ல வேண்டும் என்பதுமில்லை. சில கிருமிகள் உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. மிளகிலுள்ள பைப்பரின் அவ்விறைப்பைத் தடுத்து, சிப்ரோபிளாக்சசின் மருந்தின் வலிமையைக் கூட்டுவதை ஜம்மு ஆய்வாளர்கள் 2006-இல் ஆய்வுச் சாலையில் காட்டினர். மலையாள நாட்டு மிளகுக்கு இப்படியும் ஒரு பெருமை!

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர் ஊரிலிருந்து சூரணம் தருவித்துக் கொள்கிறோம். அதனை மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்றாகக் கொண்டு, மருந்தைப் பாதியில் நிறுத்துவது பிளெமிங் அஞ்சிய ஆபத்தை நாமே வரவழைப்பதாகும். சோதித்துப் பாராமலே மூலிகையை எள்ளி ஒதுக்குவதும் அறிவுடைமை ஆகாது. முன்னோர் சொல்லுக்கு நாம் செய்யும் மரியாதை, அதனைச் சோதனைக்கு உட்படுத்துவதே அன்றோ?