கிட்டாரின் அடிக்கட்டையில் ஒரு துளை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கைவினைஞர் ஒருவர் பல மாதங்கள் உழைத்து உருவாக்கிய கிட்டாரை மின்கம்பி வழியாக ஒலிபெருக்கியோடு இணைக்க வேண்டுமாயின், அதன் உடலில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இடப்பட வேண்டும். 'ஜாக்' எனப்படும் செருகுவாய் அத்துளையில்தான் பொருத்தப்படுகிறது. வேலை சிறியதே, ஆயினும் மரத்தில் ஒருமுறை இட்ட துளையை இடாததாக்க எவராலும் இயலாது. எனவே, எவ்விடத்தில் துளையிடுவது என்னும் வினா கிட்டார் செய்வோரைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்தது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒலிப்பலகையின் முதன்மை

கிட்டாரின் குரல் எங்கிருந்து பிறக்கிறது? ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தே டோரஸ் (1817–1892) 1862ஆம் ஆண்டில் இதற்கு விடை தரும் கிட்டார் ஒன்றைச் செய்தார். அதன் பின்புறமும் பக்கங்களும் காகித அட்டையால் ஆனவை. மேற்பலகை மட்டுமே நல்ல மரம். கருவியின் குரல் பெரும்பாலும் மெல்லிய மேற்பலகையையே சார்ந்துள்ளது என்பதை அவர் இவ்வாறு விளக்கினார்.

ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹன் ஊரில் பிறந்த சி. எஃப். மார்ட்டின் 1833இல் அமெரிக்கா சென்றார். பின்னர் மொராவிய சகோதரரின் குடியிருப்பாகிய பென்சில்வேனியாவின் நாசரேத்தில் அவர் தம் தொழிலை நிலைநாட்டினார். அவருடைய கிட்டார்களிலும் மேற்பலகையின் உட்புறத் தாங்குகட்டைகளே தனிக்கவனம் பெற்றன. மேற்பலகை தடையின்றி அதிர வேண்டும் என்பதே இவ்விருவர் மரபுக்கும் பொதுவான நெறி எனலாம்.

2. மின்சாரத்தின் வருகை

பெரிய இசைக்குழுக்களின் ஊதுகருவிகளுக்கிடையே கிட்டாரின் மெல்லிய ஓசை அமிழ்ந்துபோயிற்று. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீசம்ப் என்பவர் காந்தத்தின் துணையால் கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் 'பிக்கப்' என்னும் அமைப்பை உருவாக்கினார். 1936இல் கிப்சன் நிறுவனம் இ.எஸ். 150 என்னும் மின்கிட்டாரை வெளியிட்டது. இக்கருவிகளில் பயன்பட்ட 6.35 மில்லிமீட்டர் செருகி இசையுலகில் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களிலிருந்து வந்ததாகும். இன்றும் கிட்டாரில் நாம் செருகுவது அதன் வழித்தோன்றலையே.

3. ஒரு தவறும் அதன் படிப்பினையும்

மின்கிட்டாருக்குப் பொருந்திய முறையை மரக்கிட்டாருக்கும் அப்படியே புகுத்த முயன்றபோது இடர்ப்பாடு எழுந்தது. 1954இல் வெளிவந்த கிப்சன் ஜே. 160இ கிட்டாரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் மேற்பலகையிலேயே அமைந்தன. ஒலிபெருக்கியின் ஓசை கருவியைத் திரும்பத் தாக்கி ஊளையிடுவதைத் தடுக்க, மேற்பலகை ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. 1959ஆம் ஆண்டின் மார்ட்டின் டி. 18இ கிட்டாரிலும் பிக்கப்புக்கும் குமிழ்களுக்கும் மேற்பலகை வெட்டப்பட்டது. அதாவது, கருவியின் குரலை வெளியே கொண்டுவரும் முயற்சியில் அக்குரலின் பிறப்பிடமே சிதைக்கப்பட்டது. அந்த வகையைச் சேர்ந்த ஒரு கிட்டாரை கர்ட் கோபேன் 1993இல் நியூயார்க் நகரில் வாசித்தார். 2020இல் அது ஏறத்தாழ 60 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. எனினும் அவர் அதன் சொந்தப் பிக்கப்புகளை நம்பியிராமல் வேறொன்றைப் பொருத்தியே வாசித்தார் என்பது கருதத்தக்கது.

4. அடிக்கட்டை

பியர், ஷாக் கியூரி சகோதரர் 1880இல் கண்டறிந்த உண்மை ஒன்று இவ்விடரை நீக்க உதவிற்று. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதே அது. சார்ல்ஸ் கமன் 1966இல் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம் இவ்வகைப் படிகப் பிக்கப்பைக் கம்பிகள் தங்கும் சிறுகட்டையின் கீழ் அமைத்துப் பரப்பியது. இதனால் மேற்பலகையைப் பெரிதாக வெட்டும் தேவை ஒழிந்தது. மெல்லிய கம்பி ஒன்று நுழையச் சிறுதுளை போதும்.

அக்கம்பி எவ்வழியே வெளியேறுவது? பக்கப்பலகையின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் அளவே. செருகியின் இழுப்பை அது தாங்காது. ஆனால் இரு பக்கப்பலகைகளும் கூடுமிடத்தில், உள்ளே கனமான அடிக்கட்டை உண்டு. தோள்வாரை மாட்டும் முளை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அம்முளையையும் செருகுவாயையும் ஒன்றாக்கியதே பின்வந்தோரின் நல்லறிவு. ஏற்கெனவே உள்ள துளையே அகலமாக்கப்படுகிறது. புதுக் காயம் ஏற்படுவதில்லை.

5. செய்முறையில் கவனிக்கத்தக்கவை

தொழிற்சாலைக் கருவிகளைப் போலன்றி, கையால் செய்த கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தன்மை வாய்ந்தவை. எனவே அடிக்கட்டையின் கனத்தை முதலில் அளந்தறிதல் வேண்டும். சாதாரணத் துளைப்பான் விளிம்பைப் பற்றியிழுத்து மரத்தைப் பிளக்கக்கூடும். சிறிது சிறிதாக அகலமாக்கும் கூம்பு வடிவக் கருவியே ஏற்றது. வெளிநாடாவை இறுக்கும்போது செருகுவாய் உடன்சுழன்றால் உள்ளே பற்றவைத்த கம்பிகள் அறுந்துபோகும். அதனை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்கலத்தால் இயங்கும் அமைப்பாயின், செருகியை நுழைத்தவுடன் மின்கலம் இயங்கத் தொடங்கும். வாசித்து முடித்தபின் செருகியைக் கழற்றாவிடில் மின்கலம் வீணாகும். முளையே இல்லாத ஸ்பானிய மரபுக் கிட்டாரிலோ இத்துளை முற்றிலும் புதியது. அங்கே கருவியின் முன்னே ஒலிவாங்கியை வைப்பது சாலச் சிறந்தது.

முடிவுரை

துளையிட்டோர் அனைவரும் கருவியின் குரல் பலரைச் சென்றடைய வேண்டும் என்றே விரும்பினர். அவ்விருப்பத்தில் குறையில்லை. குரல் எங்கே பிறக்கிறது என்று டோரஸ் காட்டியதை மறந்தவர் மேற்பலகையை வெட்டினர். நினைவில் கொண்டவர் அடிக்கட்டையைத் தேடினர். துளைப்பானைக் கையில் எடுக்குமுன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நலம்.