கணினிப் பந்தயமும் தார்ச்சாலையும் - ஒரு குட்டி வரலாறு

கணினியில் கார் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கீபோர்டின் அம்புக்குறிகளைத் தட்டித் தட்டி ஆடிய 'நீட் ஃபார் ஸ்பீடு' வகையறாதான். சிம் ரேசிங் என்பது வேறு ஜாதி. ஸ்டியரிங், பெடல் எல்லாம் மேஜையில் பொருத்தி, நிஜக் காரின் எடை, டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருளில், இணையம் வழியாக முன்பின் தெரியாதவர்களோடு மணிக்கணக்கில் ஓட்டுவது. இதில் காரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காருக்குக் கீழே இருக்கும் சாலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் ரொம்ப காலம் வரை அந்தச் சாலை மாறவே இல்லை. அது மாறத் தொடங்கியபோதுதான் நிஜமான தகராறுகளும் தொடங்கின.

முதலில் நிஜச் சாலை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பந்தயத் தார்ச்சாலை காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. காலையில் தூசி படிந்திருக்கும். கார்கள் ஓட ஓட டயரின் ரப்பர் தேய்ந்து, தாரின் நுண்ணிய குழிகளில் அப்பிக்கொள்ளும். எல்லோரும் ஓட்டும் அந்தத் தடத்தில் மட்டும் பிடிப்பு கூடிக்கொண்டே போகும். அதே டயரிலிருந்து உருண்டு விழும் ரப்பர் துணுக்குகள் தடத்துக்கு வெளியே குவியும். பந்தயக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மார்பிள்ஸ்', அதாவது கோலிக்குண்டு. கோலிக்குண்டு மேல் கால் வைத்து விழுந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை! வெயில் ஏறித் தார் கொதித்தால் டயர் வழுக்கும். ஒரு மேகம் வந்து மறைத்தால் பிடிப்பு திரும்பும். மழை பெய்துவிட்டால் எல்லாம் தலைகீழ். ரப்பர் அப்பி வழவழவென்று ஆன தடம்தான் ஈரத்தில் அதிகம் வழுக்கும். அதனால் மழையில் கெட்டிக்கார ஓட்டுநர்கள், வெயிலில் யாரும் போகாத வெளிப்பக்கமாகப் போவார்கள்.

இதெல்லாம் கணினிக்கு வர இத்தனை வருடம் ஏன் ஆனது?

1998-ல் வெளிவந்த 'கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ்' என்ற மென்பொருளிலிருந்து தொடங்குவதுதான் முறை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த பாப்பிரஸ் நிறுவனம் செய்தது. டேவிட் கெம்மர், ஓமர் குதாரி இருவரும் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்த நிறுவனம் அது. 1967-ம் வருட ஃபார்முலா ஒன் பருவத்தை, 11 டிராக்குகளோடு அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தார்கள். இறக்கைகள் இல்லாத, சுருட்டு போன்ற உடம்பு கொண்ட கார்கள். கொஞ்சம் அதிகமாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் காரின் பின்பக்கம் முன்னால் வந்துவிடும். இன்றைக்கும் இதைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த 11 டிராக்குகளிலும் எப்போதும் காய்ந்த சாலைதான். நிஜ 1967-ல் கனடாவின் மோஸ்போர்ட் டிராக்கில் நடந்த பந்தயம் மழையில் நடந்தது. ஜாக் பிரபாம் ஜெயித்தார். மென்பொருளில் அதே மோஸ்போர்ட்டுக்கு எத்தனை முறை போனாலும் ஒரு சொட்டு விழாது. சாலையில் ரப்பர் படியாது. முதல் சுற்றில் இருந்த பிடிப்புதான் கடைசிச் சுற்றிலும்.

இது சோம்பேறித்தனம் இல்லை. அன்றைய கணினிகளுக்கு நான்கு டயர்களின் கணக்கைப் போடவே மூச்சு வாங்கியது. அதைவிட முக்கியமான காரணம் இணையம். அப்போது பந்தயம் நடந்தது தொலைபேசி இணைப்பு மோடத்தில். 'விராக்' என்ற இலவச மென்பொருள் மூலம் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரின் கணினியும் தன் காரின் கணக்கைத் தானே போட்டு, 'என் கார் இப்போது இங்கே, இந்த வேகத்தில்' என்று மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லும். சாலையைப் பற்றி யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. எல்லோரிடமும் ஒரே சிடி, ஒரே சாலை. சாலை மாற ஆரம்பித்தால்? வளைவில் எந்த இடத்தில் எவ்வளவு ரப்பர் என்பதில் எல்லாக் கணினிகளும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்குப் பிடிக்கும் வளைவு இன்னொருவருக்கு வழுக்கும். மோடம் காலத்தில் அது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறையின் மேல்தான் ஒரு முழு சமூகமே வளர்ந்தது. 'ஜிபிஎல் ரேங்க்' என்ற தரவரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் ஓர் அளவுகோல் நேரம். ஓட்டுநரின் மிகச் சிறந்த சுற்றுக்கும் அந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லா டிராக்குகளுக்கும் கூட்டினால் அவருடைய எண் வரும். கோல்ஃபில் 'ஹேண்டிகேப்' என்பார்களே, அது மாதிரி. அந்த எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோவது பலருக்கு வருடக்கணக்கான தவம். பின்லாந்தில் ஒருவர் ஜனவரியில் ஓட்டிய சுற்றையும் பிரேசிலில் ஒருவர் ஜூலையில் ஓட்டிய சுற்றையும் பத்து வருடம் கழித்து ஒருவர் ஓட்டும் சுற்றையும் ஒரே தராசில் நிறுத்தலாம். பொருளாதாரப் பாடத்தில் விலைவாசிக் குறியீட்டுக்கு 'அடிப்படை ஆண்டு' என்று ஒன்றை அசையாமல் வைத்துக்கொள்கிறோமே, அதே தத்துவம்தான். அடிப்படை அசைந்தால் ஒப்பிட முடியாது.

நிஜ மோட்டார் பந்தயத்தில் எந்தக் காலத்திலும் கிடைக்காத நியாயம் இது. வெயில், மழை, புழுதி, யார் முதலில் போனார்கள் என்ற அதிர்ஷ்டம் எதுவும் இல்லை. கைத்திறமை மட்டும்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் ஜெஃப் கிராமண்ட் செய்த ஃபார்முலா ஒன் விளையாட்டுகளில் மழை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1991-ல் வந்த முதல் பாகத்தில் மழை என்றால் பந்தயம் முழுக்க மழை, வெயில் என்றால் முழுக்க வெயில். 1996-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மழையே இல்லை. 2000-த்தில் வந்த மூன்றாம் பாகத்தில் திரும்பி வந்தது. ஆனால் இணையத்தில் லீக் நடத்திக்கொண்டிருந்தவர்களை இது பெரிதாக அசைக்கவில்லை.

அசைத்தது 'ஆர்ஃபேக்டர் 2'. இமேஜ் ஸ்பேஸ் நிறுவனம் 2012 ஜனவரியில் இதன் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. இதில் 'ரியல் ரோடு' என்று ஒரு சங்கதி. கார்கள் எந்த வழியாகப் போகின்றனவோ அந்த வழியில் ரப்பர் படியும், பிடிப்பு கூடும். யாரும் போகாத இடம் அப்படியே கிடக்கும். மழை வந்தால் நனையும், கார்கள் ஓடிய தடம் முதலில் காயும். பயிற்சியில் படிந்த சாலையைச் சேமித்து வைத்து அடுத்த அமர்வுக்குக் கொண்டுபோகலாம். இதன் பொருள் பெரியது. சாலையை வடிவமைப்பது மென்பொருள் எழுதியவர் மட்டும் அல்ல, அன்றைக்கு அங்கே ஓட்டுகிற இருபது பேரும்தான்.

2014 டிசம்பரில் முழுமையாக வெளிவந்த இத்தாலியின் 'அசெட்டோ கோர்சா' இதையே எளிமையாகச் செய்தது. முழு டிராக்குக்கும் பிடிப்பு ஒரே ஓர் எண். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இந்த சர்வரின் அமைப்புக் கோப்பைப் பார்த்தால் ஏதோ பேரேட்டைப் பார்ப்பது போல இருக்கும்! தொடக்கப் பிடிப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு தற்செயல், எத்தனை சுற்று ஓடினால் 1 சதவீதம் ஏறும், இந்த அமர்வில் சேர்ந்த பிடிப்பில் எத்தனை சதவீதம் அடுத்த அமர்வுக்குப் போகும்... ஆரம்ப இருப்பு, வரவு, கீழ்க்கொண்டுசென்ற இருப்பு எல்லாம் அப்படியே! தூசி படிந்த டிராக் 86 சதவீதத்தில் தொடங்கும். 'பச்சை' என்ற அமைப்பு 95-ல் தொடங்கும். அதில் எல்லாக் கார்களும் சேர்ந்து 132 சுற்று ஓடினால் 1 சதவீதம் ஏறும். அதாவது 22 கார்கள் 6 சுற்று ஓட்டினால் போதும். ஒரு சதவீதம்தானே என்று நினைக்கக் கூடாது. நொடியின் பத்தில் ஒரு பங்குக்கு அடித்துக்கொள்ளும் இடத்தில் அது பெரிய தொகை.

ஆனாலும் உண்மையான பூகம்பம் ஐரேசிங்கில்தான். பாப்பிரஸ் 2004-ல் மூடப்பட்டது. அதே வருடம் டேவிட் கெம்மர், ஜான் ஹென்றியோடு சேர்ந்து ஐரேசிங்கைத் தொடங்கினார். 2008-ல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சந்தா கட்டி ஓட்டும் சேவை. ஜெயித்தால் மதிப்பெண் ஏறும், தோற்றால் இறங்கும். டிராக்குகளை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளங்களைக்கூட அப்படியே பதிந்தார்கள். 2008-ல் அளந்த ஃபீனிக்ஸ் டிராக் நிஜத்தில் 2011-ல் புதிய தார் போட்டு மாற்றப்பட்டது. ஐரேசிங்கில் அந்தப் பழைய வடிவம் மரபுப் பாதையாகத் தங்கிவிட்டது. உலகத்தில் இல்லாத சாலை கணினியில் உயிரோடு இருக்கிறது! ஆனால் அவ்வளவு துல்லியமாக அளந்த சாலையும் ஒரு புகைப்படம் மாதிரிதான் இருந்தது. மேடு பள்ளம் உண்டு, மாற்றம் கிடையாது.

2015-ல் அதை மாற்றினார்கள். ரப்பர், கோலிக்குண்டு, தூசி, சாலையின் வெப்பம் எல்லாம் இடத்துக்கு இடம் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டன. வெயில் படும் இடம் சூடாகும், நிழல் விழும் இடம் ஆறும், டயர் உரசும் இடமும் சூடாகும். 78 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற இயல்புநிலை வானிலையிலேயே பழகி, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிக்கும் இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்கு இது இடி. பக்கத்து விளம்பரப் பலகை வந்ததும் பிரேக் என்று இருந்தவர், அதே இடத்தில் பிரேக் போட்டு வெளியே போனார். ஓவல் டிராக்குகளில் இன்னும் மோசம். உள்வட்டத்தை ஒட்டியே ஓட்டிக் கொண்டிருந்தால் அங்கே சூடு ஏறி வழுக்கும். சுவரை ஒட்டி மேலே ஏறிப் பார்த்தவர் தாண்டிப் போய்விடுவார்.

அடுத்த பிரச்சினை, செட்டப் கோப்புகள். காரின் ஸ்ப்ரிங், டயர் காற்றழுத்தம் எல்லாம் அடங்கிய கோப்பை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது இந்த உலகத்தில் சகஜம். குளிர்ந்த சாலையில் அற்புதமாக ஓடிய கோப்பு, வெயிலில் பத்தே சுற்றில் டயரைத் தின்றுவிடும். 'வேகமான செட்டப்' என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விட்டது. எந்த வெப்பத்தில், எவ்வளவு ரப்பர் படிந்த சாலையில் என்று கேட்க வேண்டும்.

இது நியாயமா? ஒரே பந்தயத்தில் ஓடும் எல்லோருக்கும் ஒரே சாலைதான், அதனால் அந்தப் பந்தயத்துக்குள் அநியாயம் இல்லை. ஆனால் காலை அமர்வில் ஓட்டியவர் நேரத்தையும் இரவு அமர்வில் ஓட்டியவர் நேரத்தையும் இனி பக்கத்தில் வைக்க முடியாது. பழைய தரவரிசைக்காரர்கள் இழந்தது இதைத்தான், அந்த இழப்பு பொய்யில்லை. பதிலுக்குக் கிடைத்தது, நேற்று ஓட்டியதை இன்று திருப்பி ஒப்பிப்பவரை, சாலையைப் படிக்கத் தெரிந்தவர் ஜெயிக்கும் வாய்ப்பு. இரண்டில் எது பெரிது என்றால், பந்தயம் என்ற சொல்லுக்கு இரண்டாவதுதான் கிட்டத்தில் இருக்கிறது. மனப்பாடம் செய்தவனுக்கும் புரிந்து படித்தவனுக்கும் வித்தியாசம் தெரிய, கேள்வித்தாள் கொஞ்சம் மாறித்தான் ஆக வேண்டும்.

பிறகு காற்று திசை மாறியது. நிஜச் சாலைகள் கணினியைக் கேட்க ஆரம்பித்தன. அட்லாண்டா டிராக்கில் 1997-ல் போட்ட தார் தேய்ந்துபோய், 2021-ல் பெயர்த்தெடுக்கப்பட்டது. வளைவுகளின் சாய்வை 24 டிகிரியிலிருந்து 28 ஆக்கினார்கள். புதிய வடிவம் எப்படி இருக்கும் என்பதை ஐரேசிங்கில் செய்து பார்த்த பிறகுதான் நிஜத் தார் கொட்டப்பட்டது. அதே 2021 ஜூனில், சிகாகோ நகரத் தெருக்களில் ஒரு பந்தயத்தை நாஸ்கார் ஐரேசிங்கில் நடத்தியது. அப்போது அந்தப் பந்தயம் நிஜத்தில் கிடையாது. டிராக்கும் கிடையாது.

2023 ஜூலை 2-ம் தேதி அது நிஜமானது. சிகாகோவில் அன்று வெள்ளக்காடு. பந்தயம் தாமதமாகி, தெருக்கள் ஈரமாகவே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தன. இருட்டிவிடும் என்று 100 சுற்றை 75 ஆகக் குறைத்தார்கள், கடைசியில் 78 ஓடியது. நாஸ்கார் கோப்பைத் தொடரில் அதுதான் முதல் பந்தயமாக இருந்த நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் ஜெயித்தார். கணினியில் பிறந்த டிராக்குக்கு நிஜத்தில் கிடைத்த முதல் நாளே, கணினியில் இல்லாத ஒன்றோடு வந்தது. ஐரேசிங்கில் அப்போதும் மழை இல்லை.

அங்கே மழை பெய்தது 2024 மார்ச்சில். ஏன் இவ்வளவு தாமதம் என்று போட்டி நிறுவனங்களின் ரசிகர்கள் கிண்டல் செய்துகொண்டே இருந்தார்கள். 'புராஜெக்ட் கார்ஸ் 2'-ல் 2017-லேயே குட்டைகள் தேங்கின. 2019-ல் முழுமையாக வந்த 'அசெட்டோ கோர்சா கம்பெடிசியோனே'யிலும் மழை உண்டு. தாமதமானாலும் வந்தது நல்ல மழைதான். தண்ணீர் சாலையின் சரிவைப் பார்த்து ஓடும், பள்ளத்தில் தேங்கும், டயர்கள் அதை ஒதுக்கித் தள்ளும், ஓடிய தடம் காயும். லேசரில் அளந்து வைத்த மேடு பள்ளங்களுக்கு அப்போதுதான் முழு வேலை கிடைத்தது.

இத்தனைக்கும் பிறகு, ஐரேசிங்கில் சொந்தமாகப் பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் பந்தயம் முழுக்க ஒரே வானிலை என்று நிறுத்தி வைக்கும் வசதி எடுக்கப்படவில்லை. சாலையில் எவ்வளவு ரப்பரோடு தொடங்க வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்யலாம், கோலிக்குண்டுகளைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் தொடங்கவும் செய்யலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று லீக்குகளில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.