லேகாக் சிற்றூரும் அதன் காப்புக் கட்டடங்களும்

இங்கிலாந்தின் தென்மேற்கே வில்ட்சயர் என்றொரு கோட்டம் உண்டு. அக்கோட்டத்திலே, சிப்பென்னம் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய மூன்று கல் தொலைவில், ஏவன் ஆற்றை அடுத்து அமைந்துள்ளது லேகாக் என்னும் சிற்றூர். நான்கே தெருக்கள், அந்நான்கும் ஒன்றையொன்று சந்தித்து ஒரு சதுரமாகின்றன. நடந்து பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். ஆயினும் அந்த அரை மணி நேரத்துள் ஐந்நூறு, அறுநூறு ஆண்டு வரலாறு கண்முன் நிற்கும். கல்லால் ஆன வீடு, அதனை ஒட்டி மரச்சட்டத்தின் இடையே மண்ணும் சுண்ணமும் பூசிய வீடு, அதற்கடுத்துச் செங்கல் வீடு என, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தவாறு அவை நிற்கின்றன. மின்சாரக் கம்பிகள் தலைக்குமேல் தொங்குவதில்லை.

இவ்வூரின் வரலாறு ஒரு பெண்மணியிடமிருந்து தொடங்குகிறது. சால்ஸ்பரிப் பிரபுவின் மனைவி ஈலா என்பவர், தம் கணவர் 1226இல் இறந்தபின், 1232இல் இங்கே கன்னியர் மடம் ஒன்றை நிறுவினார். அவருடைய கணவர் வில்லியம் லாங்கெஸ்பீ, இரண்டாம் ஹென்றி மன்னருக்கு முறையிலாப் பிறந்த மைந்தர். ஜான் மன்னருக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி. ஈலா அம்மையார் கணவருக்குப்பின் வில்ட்சயரின் ஷெரீப்பாகவும் பதவி வகித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பெண் அப்பதவியில் அமர்ந்தது அருமையினும் அருமை. பின்னர் அவரே தாம் கட்டிய மடத்தில் துறவு பூண்டு, அதன் தலைவியுமாகி, 1261இல் மறைந்தார். மாக்னா கார்ட்டா எனப்படும் உரிமைப் பட்டயத்தின் 1225ஆம் ஆண்டுப் படி ஒன்று இம்மடத்தில் ஒப்படைக்கப்பட்டுப் பல நூற்றாண்டு காலம் லேகாக்கிலேயே இருந்தது. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

மடம் இருந்தமையால் ஊர் செழித்தது. ஊரார் ஆட்டு மயிரை நூற்று, நெய்து, சந்தையில் விற்றனர். குடியானவர் விளைவில் பத்தில் ஒரு பங்கை மடத்துக்குச் செலுத்துதல் அக்கால வழக்கு. அவ்வாறு வந்த தானியத்தைக் கொட்டிவைத்த களஞ்சியம், பதினான்காம் நூற்றாண்டில் கட்டப்பட்டது, இன்றும் நிற்கிறது. அதன் கூரையைத் தாங்குவன, வளைந்த பெரு மரங்கள். நெற்களஞ்சியம் அறிந்தவர்கள் அதன் உட்புறத்தைக் கண்டால் அதன் பயனைக் கேட்காமலே உணர்ந்துகொள்வர்.

அவ்வகை வளைமரக் கட்டு முறையைத் தெருவிலே நின்றவாறே காண வேண்டுமாயின், சர்ச் தெருவில் உள்ள ஒரு வீட்டின் பக்கச் சுவரைக் காணலாம். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்தை நெடுக இரண்டாகப் பிளந்து, இரு பாதியையும் எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் இணைத்துவிடுவர். வீட்டின் பாரத்தைச் சுவர் தாங்குவதில்லை. இவ்விரு மரங்களே தாங்குகின்றன. சுவர் வெறும் மறைப்பேயாகும். அதனால்தான் சுவரைப் பலமுறை மாற்றியும் வீடு விழாமல் நின்றது. அத்தெருவிலேயே, பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏஞ்சல் என்னும் விடுதி உண்டு. மற்றொரு பழைய விடுதியான ஜார்ஜ் விடுதியில், அடுப்பின் பக்கத்தே ஒரு சக்கரம் இருக்கிறது. அச்சக்கரத்தினுள் ஒரு நாயை விட்டு ஓடச் செய்வர். சக்கரம் சுழலச் சுழல, நெருப்பின்முன் இறைச்சி கோத்த கம்பியும் சுழலும். அந்த நாய்க்கு இறைச்சியில் பங்கு கிடைத்ததோ இல்லையோ, வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிட்டது! களஞ்சியத்தின் அருகே, குவிந்த கூரையுடைய சிறு கல்லறை ஒன்றும் உள்ளது. குடித்துவிட்டுக் கலகம் செய்வோரை இரவில் அடைத்துவைக்கப் பதினெட்டாம் நூற்றாண்டினர் அமைத்த சிறைக்கொட்டடி அது.

எட்டாம் ஹென்றி மன்னர் நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1539இல் இம்மடமும் கலைக்கப்பட்டது. மறு ஆண்டே வில்லியம் ஷேரிங்டன் என்பவர் அதனை விலைக்கு வாங்கினார். மடத்தின் கோயிலை இடித்தார். ஆயின், கன்னியர் உலாவிய சுற்று மண்டபத்தையும், கூடிப் பேசிய மண்டபத்தையும், குளிர்காய்ந்த அறையையும் இடிக்காது விட்டு, அவற்றின்மீதே தம் மாளிகையை எழுப்பினார். கலை உணர்வா, செலவுச் சுருக்கமா என்பதை எளிதில் முடிவு செய்ய இயலாது. இரண்டும் இருந்திருத்தல் கூடும். இவர் பிரிஸ்டல் நகரத்து நாணயச் சாலையில் அதிகாரியாக இருந்துகொண்டே, நாணயத்தின் ஓரத்தை வெட்டிப் பொருள் சேர்த்த குற்றத்தை 1549இல் ஒப்புக்கொண்டவர். பின் மன்னிப்புப் பெற்றுப் பணம் செலுத்திச் சொத்தை மீட்டுக்கொண்டார். கள்ளப் பணம் கட்டிய கட்டடத்தையும் நூற்றாண்டுகள் மன்னித்துவிடுகின்றன போலும். அவருக்கு மக்கட்பேறு இல்லை. அவருடைய தம்பி மகள் ஆலிவ், டால்பட் குடும்பத்து ஜான் என்பவரை மணந்தமையால், ஊரும் மாளிகையும் டால்பட் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன.

ஈண்டு ஒரு கேள்வி எழும். இங்கிலாந்தில் இதனினும் செல்வமிக்க ஊர்கள் எத்தனையோ இருந்தும், பழைய வீடுகள் அங்கெல்லாம் அழிய, லேகாக்கில் மட்டும் இத்துணை எஞ்சியது எவ்வாறு? பழமையைப் போற்றும் பண்பினால் என்று பலர் விடை கூறுவர். அவ்விடை பாதியும் உண்மையன்று. கைத்தறியை இயந்திரத் தறி வென்றது. நெசவு ஆலைகளை நாடிச் சென்றது. லேகாக்கில் புதிய வீடு கட்டும் அளவுக்குப் பணம் படைத்தோர் இல்லாது போயினர். வீடுகளோ ஒரே குடும்பத்துக்கு உரியவை. குடியிருந்தோர் வாடகைக்கு இருந்தோரே. தம்முடையதல்லாத வீட்டை இடித்துக் கட்ட எவர் முன்வருவர்? இன்று ஊரைக் காண வருவோர் மெச்சும் அழகிற்கு, அன்றைய நெசவாளரின் வறுமையும் ஒரு காரணம் என்பதை மறத்தல் ஆகாது.

டால்பட் குடும்பத்தாருள் உலகம் அறிந்தவர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். மாளிகையின் தென்புறத்தில் வெளிநோக்கிப் புடைத்த சன்னல்களை அமைத்தவர் அவரே. 1835ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அச்சன்னல்களுள் ஒன்றை, சிறு மரப்பெட்டிக்குள் வெள்ளி உப்புப் பூசிய தாளை வைத்துப் படமாக்கினார். ஓர் அஞ்சல் தலையளவே உள்ள அத்தாளில், ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் பதிந்தன. இன்று எஞ்சியுள்ள நிழற்பட எதிர்ப்படிகளுள் மிகப் பழமையானது அதுவே. அவர் ஆங்காங்கே வைத்த அப்பெட்டிகளை, அவருடைய மனைவியார் எலிப்பொறிகள் என்று அழைத்தாராம்.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கிறோம் என்று சொல்லிச் சுரண்டிப் பாழாக்கியதைக் கண்டு வெகுண்டு, வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் 1877இல் பழங்கட்டடக் காப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1882இல் முதற் சட்டம் பிறந்தது. ஆனால் அது ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற தொல்கற்களையே பெரிதும் கருதியது. 1913ஆம் ஆண்டுச் சட்டமும் மக்கள் குடியிருக்கும் வீடுகளை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. ஆங்கிலேயருக்குத் தம் வீடு தம் கோட்டை. அதனுள் அரசு கை நீட்டுவதைப் பிரபுக்கள் விரும்பவில்லை. ஜெர்மானியரின் குண்டுகள் நகரங்களைத் தகர்த்தபோதுதான், இடிபாடுகளுள் எதைத் தாங்கி நிறுத்துவது, எதை அகற்றுவது என்று அறியப் பட்டியல் தேவைப்பட்டது. அப்பட்டியலிலிருந்தே 1944, 1947 ஆண்டுகளின் திட்டச் சட்டங்கள் வழியாக இன்றைய காப்புப் பட்டியல் வளர்ந்தது. தொடக்கத்தில் உரிமையாளர் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்தால் போதும்; அதற்குள் அதிகாரிகள் தடை விதிக்கவில்லையேல் இடித்துவிடலாம். 1968க்குப் பிறகே, இசைவு பெறாமல் இடித்தலும் மாற்றுதலும் கூடாது என்றாயிற்று. பட்டியலில் மூன்று படிகள் உண்டு. லேகாக் மாளிகை முதற்படியில் உள்ளது. பட்டியலிலுள்ள கட்டடங்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இரண்டாம் படியின.

ஆயின் லேகாக்கைக் காத்தது சட்டம் மட்டுமன்று. சட்டம் முழு வலிமை பெறுமுன், 1944இலேயே, ஃபாக்ஸ் டால்பட்டின் பெயர்த்தி மட்டில்டா டால்பட், மாளிகையையும் ஊரையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்துக்கு நன்கொடையாக அளித்தார். உரிமைப் பட்டயத்தையும் அவரே போருக்குப்பின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். 1895இல் தோன்றிய அந்நிறுவனம், 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனக்கு வந்த சொத்துக்களை என்றும் விற்கலாகாதவை என அறிவிக்கும் உரிமை உடையது.

இதனால் விளைந்த நிலை எண்ணிப் பார்க்கத் தக்கது. லேகாக்கில் பெரும்பாலோர் இன்றும் வாடகைக் குடியினரே. அன்று டால்பட் குடும்பத்துக்குக் கொடுத்த வாடகையை இன்று அறநிறுவனத்துக்குக் கொடுக்கின்றனர். சன்னலின் சட்டத்தை மாற்றவும் இசைவு வேண்டும். குளிர்காலத்தில் கல்வீட்டின் ஈரம் எத்தகையது என்பதைக் கோடையில் வரும் விருந்தினர் அறியார். 1995இல் ஜேன் ஆஸ்டினின் புதினம் ஒன்றைத் தொலைக்காட்சிக்குப் படமாக்கியபோது, இத்தெருக்களே மெரிட்டன் என்னும் கற்பனை ஊராக நடித்தன. தம் வாசலிலே அந்நியர் நின்று படம் எடுப்பதைக் குடியிருப்போர் பொறுத்துத்தான் ஆக வேண்டும். எனினும், வீடுகள் தனித்தனியே விற்கப்பட்டிருந்தால், இலண்டன் செல்வர்கள் ஓய்வு நாட்களில் மட்டும் வந்து தங்கும் ஊராக இது மாறியிருக்கக் கூடும். அண்டையிலுள்ள எழில்மிகு சிற்றூர்கள் சிலவற்றின் கதி அதுதான். லேகாக்கிலோ புகைபோக்கியில் புகை வருகிறது. பள்ளியில் பிள்ளைகள் படிக்கின்றனர். ரொட்டிக் கடையில் ரொட்டி விற்கிறது. தறியின் ஓசை மட்டும் இல்லை. அதைக் காக்கும் பட்டியல் எதுவும் எழுதப்படவில்லை.