பாலக்காடு–காவிரி ஷியர் மண்டலம்: ஒரு கோடா, பல வரலாறுகளா?

பாலக்காட்டுக் கணவாய் முதல் நாமக்கல், கரூர் வழியே கிழக்கு நோக்கி நீளும் ஷியர் மண்டலத்தை, அதாவது பாறைகள் இழுபட்டு நகர்ந்த பட்டையை, பல வரைபடங்கள் ஒரு நிலத்தொகுதியின் எல்லையாகவே வரைகின்றன: வடக்கே தார்வார் கிராட்டானைச் சேர்ந்த பழம்பாறைகள், தெற்கே மதுரைக் கிரானுலைட் தொகுதி. கோண்ட்வானா உருவானபோது மொசாம்பிக் பெருங்கடல் மூடிக்கொண்ட தடம் இதுவே என்று காலின்ஸ் குழுவினர் 2007-இல் வாதிட்டனர். கடல் மூடியிருக்கலாம். ஆனால் நகர்வின் திசை, நகர்ந்த காலம், நிலத்தொகுதியின் எல்லை என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஒரே கோட்டை விடையாக்குவதை ஏற்க இயலாது.

இந்தக் கோடுகளுக்குப் பரவலான கவனம் கிடைத்தது, 1980-இல் டிரூரியும் ஹோல்ட்டும் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு தென்னிந்தியாவை ஆராய்ந்த பின்னரே. இதே ஷியர் அமைப்பைச் சேர்ந்த மோயாறு, பவானிப் பள்ளத்தாக்குகள் அப்படங்களில் நேர்கோடாகத் தெரிகின்றன. பக்கவாட்டில் நழுவிய பெரும் பிளவுகள் என்ற விளக்கமும் உடன் எழுந்தது. படம் காட்டுவது பாறை எங்கே எளிதில் அரிக்கப்பட்டது என்பதை மட்டுமே. எத்திசையில் நகர்ந்தது என்பதைப் பாறையில்தான் படிக்க வேண்டும். ஷியர் நகர்வில் நசுங்கி இழைந்த பாறையான மைலோனைட்டில் ஃபெல்ஸ்பார் மணிகள் நசுங்கி, இருபுறமும் வாலாக இழுபட்டிருக்கும். அந்த வால்களின் சாய்வு நகர்ந்த பக்கத்தைச் சொல்லும், கனிமங்கள் நீண்டு கிடக்கும் கோடு நகர்வின் திசையைச் சொல்லும். பக்கவாட்டு நழுவலானால் அக்கோடு கிடைமட்டமாக இருக்க வேண்டும். மோயாறு, பவானி மண்டலங்களில் அது செங்குத்துக்கு நெருக்கமாகச் சரிவதை நாகாவும் ஸ்ரீநிவாசனும் 1996-இல் காட்டினர்.

நீலகிரியின் சார்னோகைட்டுகள் இதற்குத் துணை நிற்கின்றன. அவற்றில் பதிவான அழுத்தம் தென்மேற்கில் ஏறத்தாழ 6–7 கிலோபார். வடகிழக்கே மோயாற்றை நெருங்கும்போது 9–10 கிலோபார். அதாவது 30 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்த பாறை அந்த விளிம்பில் மேலேறியிருக்கிறது. தனித்தனி வழிகளில் பெற்ற இரு சான்றுகள் ஒன்றையே சொல்லும்போது, இங்கு முதன்மையானது மேல்நோக்கிய நகர்வு என்று துணிந்து கூறலாம். இம்முடிவைக் கிழக்கே காவிரிப் பகுதி முழுமைக்கும் நீட்டுவது தவறு. அங்கே பக்கவாட்டு நழுவலும் அழுத்தமும் கலந்தே இயங்கின என்பார் உண்டு. ஒவ்வொரு துண்டையும் தனித்தே அளக்க வேண்டும்.

காலக்கணக்கு இன்னும் சிக்கலானது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் வெண்ணிற அனார்த்தோசைட்டும் கரிய குரோமைட் பட்டைகளும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அப்பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதே மண்டலத்தின் மணமேட்டில், கடல்தளத்தின் எச்சமாகக் கருதப்படும் பாறைகள் 80 கோடி ஆண்டுக்கும் குறைவானவை. ஷியர் உருமாற்றத்தின் பெரும்பகுதியோ சுமார் 55 கோடி ஆண்டுக்கு முற்பட்டது. ஒரே பட்டை பலமுறை இயங்கியிருக்கிறது. மேலும், பழைய ஆர்க்கேயன் மேலோடு காவிரியில் முடியவில்லை, கரூர்–கம்பம்–பைனாவு–திருச்சூர்க் கோடு வரை தெற்கே நீள்கிறது என்று கோஷ், டி விட், ஸார்ட்மன் ஆகியோர் 2004-இல் நிறுவ முயன்றனர். அவர்களின் வாதம் சரியானால், நிலத்தொகுதியின் எல்லையும் ஷியர் மண்டலமும் வெவ்வேறு.

நிலநடுக்க விவாதத்திலும் இதே குழப்பம் உண்டு. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதியை உலுக்கிய, அளவு 6-ஐ ஒட்டிய நடுக்கத்தை இம்மண்டலத்தின் பழைய பிளவுகளோடு இணைப்பது வழக்கம். மைலோனைட் உருவானது ஆழத்தின் வெப்பத்தில், பாறை முறியாமல் இழைந்தபோது. இன்றைய நடுக்கமோ குளிர்ந்த பாறையின் முறிவு. பழைய பலவீனம் புதிய முறிவுக்கு இடம்கொடுக்கலாம். ஆனால் இளம் படிவுகள் இடம்பெயர்ந்ததைக் காட்டாமல் எந்தக் கோட்டையும் செயல்படும் பிளவு என்று குறிக்கக் கூடாது.

ஆகவே இனி வரும் வரைபடங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் நகர்வின் திசை, வயது, உருவான ஆழம் ஆகிய மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். நாமக்கல், கரூர் வட்டாரக் குன்றுகள் குவாரிகளாகக் கரைந்துவருகின்றன. திசை குறித்த பாறை மாதிரிகளைச் சேகரிக்கும் பணியை நம் பல்கலைக்கழக நிலவியல் துறைகள் அதற்குள் தொடங்க வேண்டும்.