விசைப்பலகைக்கு எட்டாத பிள்ளைகள்

1995இல் 'பேட்மேன் ஃபாரெவர்' படம் வந்தபோது அதற்கென்று ஓர் இணையதளமும் வந்தது. உள்ளே நுழைந்த பிள்ளைகளிடம் அந்தத் தளம் ஒரு வேண்டுகோள் வைத்தது. கோத்தம் நகரத்தில் குடிக்கணக்கு எடுக்கிறார்கள், நல்ல குடிமக்களாக இருந்து காவல் ஆணையர் கார்டனுக்கு உதவுங்கள் என்றது. பேட்மேனின் ஊருக்கு உதவி என்றால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? குடிக்கணக்கு என்ற பெயரில் அங்கே நடந்தது சந்தை ஆய்வு.

இந்தக் கதையை ஊரறியச் செய்தது, வாஷிங்டனில் கேத்ரின் மான்ட்கோமரி தலைமையில் இயங்கிய ஊடகக் கல்வி மையம். பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்து விவரம் கறக்கும் தளங்களை 1996 மார்ச்சில் ஓர் அறிக்கையில் அது வரிசையாக எடுத்துக்காட்டியது. இரண்டே மாதத்தில் 'கிட்ஸ்காம்' என்ற தளத்தின் மேல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்தில் புகாரும் கொடுத்தது. 4 முதல் 15 வயது வரையிலானவர்களுக்கென்று நடந்த தளம் அது. பெயர், பிறந்த நாள், வீட்டு முகவரி, பிடித்த பொருள்கள் என்று படிவத்தை நிரப்பினால் 'கிட்ஸ்கேஷ்' புள்ளிகள் கிடைக்கும். சேர்த்துவைத்துப் பரிசு வாங்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூட வாசலில் மிட்டாயை நீட்டி வீடு எங்கே என்று விசாரிக்கும் ஆளைத் தெருவே கூடி விரட்டும். திரைக்குள் இருந்து விசாரித்தவரை விரட்ட அன்றைக்குத் தனிச்சட்டம் எதுவும் இல்லை. இப்படிச் செய்வது சரியல்ல என்று 1997 ஜூலையில் ஆணையம் ஒரு கடிதம் எழுதியது. அதற்குள் தளம் தன் போக்கை மாற்றிக்கொண்டிருந்ததால் நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

மறுவருடம் ஆணையமே ஒரு கணக்கெடுப்பில் இறங்கியது. சிறுவர்களுக்கான 212 தளங்களைப் பார்த்ததில் 89 விழுக்காடு தளங்கள் பிள்ளைகளிடம் சொந்த விவரங்களைக் கேட்டு வாங்கின. அப்பா அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுது என்று பேருக்காவது சொன்னவை 23 விழுக்காடுதான். அந்த அறிக்கை வந்த சில மாதங்களில், 1998 அக்டோபர் 21 அன்று, குழந்தைகளின் இணைய அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'கோப்பா' என்பார்கள். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் விவரம் வாங்குமுன் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் உயிர்நாடி. முதல் வரைவில் 16 வயதுவரை உள்ளவர்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. வளரிளம் பருவத்தினரின் உரிமையைச் சொல்லிச் சிலரும், வியாபாரத்தைச் சொல்லிச் சிலரும் ஆட்சேபிக்கவே, வேலி 13இல் வந்து நின்றது. பெரும்பாலான நாடுகளில் சமூக ஊடகங்கள் கணக்குத் தொடங்க இன்றும் கேட்கும் வயது இப்படி வந்ததுதான்.

2000 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் தெரிவிக்கச் சொன்ன வழிகளைப் பார்த்தால் அந்தக் காலம் கண்முன் வரும். பெற்றோர் கையெழுத்திட்ட தாளைத் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பலாம். கடன் அட்டை எண்ணைத் தரலாம். கட்டணமில்லாத எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். நிறுவனம் தன் உள்வேலைக்கு மட்டும் விவரத்தை வைத்துக்கொண்டால் ஒரு மின்னஞ்சலும், அதை உறுதிசெய்ய இன்னொரு சிறு நடவடிக்கையும் போதும். இந்தக் கடைசிச் சலுகை 2002 வரைக்கும்தான் என்றார்கள். பிறகு 2005 வரை என்றார்கள். அதன்பின் கெடு வைப்பதையே விட்டுவிட்டார்கள். தற்காலிகமாகப் போட்ட கொட்டகைகளுக்குத்தான் எந்த நாட்டிலும் ஆயுள் கெட்டி.

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்த குழந்தைக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படித்து, தன் பெயரைத் தட்டச்சு செய்யும். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த வித்தை தெரியாது. எழுதத் தெரியாததே அதற்குக் காவலாக இருந்தது. 2007இல் ஐஃபோனும் 2010இல் ஐபேடும் வந்து அந்தக் காவலை நீக்கின. விரலால் தள்ளினால் போதும், படம் நகரும்.

முதல் அடி பெற்றோரின் பணப்பையில் விழுந்தது. ஆப்பிளின் செயலிக் கடையில் ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால் அடுத்த 15 நிமிடம் எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டே போகலாம் என்று ஏற்பாடு இருந்தது. செல்லப்பிராணிகளுக்கு விடுதி நடத்தும் ஒரு விளையாட்டில் மகள் 2,600 டாலர் செலவழித்துவிட்டாள் என்று ஒருவர் ஆணையத்திடம் முறையிட்டார். 2014 ஜனவரியில் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

அதற்குள் கோப்பா விதிகளும் திருத்தப்பட்டிருந்தன. 2013 ஜூலை முதல் குழந்தையின் படம், குரல், இருக்கும் இடம், கருவியைத் தொடர்ந்து அடையாளம் காட்டும் குக்கி எல்லாமே சொந்த விவரம்தான் என்றாயிற்று. பிள்ளை ஓர் எழுத்துகூடத் தட்ட வேண்டாம். பார்ப்பதும் பேசுவதுமே விவரம்.

பேச்சு என்றதும் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 'மை ஃப்ரெண்ட் கெய்லா' என்று ஒரு பொம்மை. பிள்ளை கேள்வி கேட்கும், பொம்மை இணையத்தில் தேடிப் பதில் சொல்லும். அதன் புளூடூத்துக்குக் கடவுச்சொல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் கைபேசியை இணைத்து ஒட்டுக்கேட்கலாம், பிள்ளையோடு பேசவும் செய்யலாம். 2017 பிப்ரவரியில் ஜெர்மானிய அரசின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் பொம்மையை ஒளித்துவைத்த உளவுக்கருவி என்று அறிவித்து விற்பனையைத் தடைசெய்தது. ஏற்கெனவே வாங்கியவர்களை அதைச் செயலிழக்கச் செய்துவிடச் சொன்னது. குழந்தை தூங்கியபின் பொம்மையை அழிக்க வேண்டிய நிலை அங்கே எத்தனை வீட்டில் வந்ததோ! அமெரிக்காவில் 2023இல், குழந்தைகளின் குரல்பதிவுகளை வேண்டிய காலத்துக்கு மேலும் வைத்திருந்தது என்று அமேசானின் குரல்வழி உதவியாளரான அலெக்சா தொடர்பாக வழக்கு வந்து 2.5 கோடி டாலரில் முடிந்தது.

மழலைகளின் வரலாற்றில் யூடியூபுக்குத் தனிப் பக்கம் உண்டு. சின்னஞ்சிறுசுகளுக்கென்று 2015 பிப்ரவரியில் 'யூடியூப் கிட்ஸ்' செயலி வந்தது. இரண்டு மாதத்துக்குள் அமெரிக்கக் குழந்தைநல அமைப்புகள் விளம்பரத்தைக் குறித்துப் புகார் கொடுத்தன. 2017 நவம்பரில் இன்னொரு குட்டு உடைந்தது. பெப்பா பன்றி, எல்சா போன்ற கார்ட்டூன் பாத்திரங்கள் வரும் வீடியோ என்று நம்பிப் பிள்ளைகள் பார்த்தவற்றில் ரத்தமும் வக்கிரமும் கலந்திருந்தன. வடிகட்டும் வேலையை இயந்திரத்திடம் விட்டதன் விளைவு அது. இதற்கிடையே, தன் தளம் பொதுமக்களுக்கானது, 13 வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை என்று சொல்லிவந்த நிறுவனம், மேட்டல், ஹாஸ்ப்ரோ போன்ற பொம்மைக் கம்பெனிகளிடம் போய்ப் பிள்ளைகள் குவியும் இடம் எங்களுடையது என்று பெருமையடித்தது. இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதில்தான் ஆணையம் தொடுத்த வழக்கின் வலு இருந்தது. 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

அந்தத் தீர்வு சென்னையையும் தொட்டது. 2013இல் வினோத் சந்தர் தம் மகளின் செல்லப்பெயரில் நண்பர்களோடு தொடங்கிய 'சுச்சு டிவி', குழந்தைப் பாடல்களால் உலகெங்கும் பெயர் வாங்கியிருந்தது. 2020 ஜனவரி முதல் குழந்தைகளுக்கான வீடியோ எது என்று தயாரித்தவரே குறித்துக்காட்ட வேண்டும் என்றானது. அப்படிக் குறித்தவற்றில் பார்ப்பவரைப் பின்தொடரும் விளம்பரமும் கிடையாது, கருத்துப்பெட்டியும் கிடையாது. அமெரிக்கச் சட்டம் ஒன்று சென்னையில் பாட்டுப் போடுகிறவர்களின் வருமானத்தைத் தொட்டது இப்படித்தான்.

இந்தியா தன் வயதுக் கோட்டை வேறு இடத்தில் போட்டது. 2023இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையின் நடவடிக்கையைப் பின்தொடரக் கூடாது, அதை வைத்து விளம்பரம் காட்டக் கூடாது. இரண்டு வயதுப் பாப்பாவும் பிளஸ் டூ படிக்கிற அக்காவும் ஒரே கணக்கு. 2025 நவம்பரில் வந்த விதிகள், சம்மதம் தருகிறவர் உண்மையிலேயே வயது வந்தவரா என்று சரிபார்க்கும் வழிகளைச் சொல்கின்றன. ஆனால் சோறு ஊட்டும்போது பாப்பா பார்ப்பது அம்மாவின் கைபேசியில், அம்மாவின் கணக்கில். அங்கே வயதைக் கேட்டால் முப்பது என்றுதான் பதில் வரும்.