மனச்சாட்சியும் அதிகாரமும்: ஓர் ஒஸ்திரிய விவசாயியின் மறுப்புக் குறித்துச் சில சிந்தனைகள்

மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844இல் வெளிவந்த அதே கட்டுரையின் அதே பந்தியில், அதனை மெய்யான துயரத்துக்கு எதிரான கண்டனமாகவும் கண்டார். முதற்கூற்றைத் திரும்பத் திரும்ப எடுத்தாளும் நம்மிற் பலர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். மதநம்பிக்கை எச்சந்தர்ப்பத்தில் அடங்கிப்போதலுக்கும், எச்சந்தர்ப்பத்தில் எதிர்ப்புக்கும் ஊற்றாகின்றது என்பது வரலாற்று நிலைமைகளுள் வைத்து ஆராயப்படவேண்டிய வினாவாகும். பிரான்ஸ் யேகர்ஸ்டெற்றரின் வாழ்வு இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுட் புகுந்தன. சில நாட்களுள், மார்ச் 18ஆம் திகதி, அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் கர்தினால் இன்னிற்ஸரின் தலைமையில் இவ்விணைப்பை வரவேற்று அறிக்கை விடுத்தனர். ஏப்ரல் 10இல் நிகழ்ந்த வாக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தனர் என அறிவிக்கப்பட்டது. சென் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் எதிர்த்து வாக்களித்தவர் யேகர்ஸ்டெற்றர் ஒருவரே. ஆயினும், ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்தது என்றே முடிவு வெளியிடப்பட்டது.

1907இல், பண்ணையொன்றில் ஊழியம் செய்த, மணமாகாத பெண்ணுக்குப் பிறந்தவர் அவர். கிராமப் பாடசாலைக் கல்விக்கு மேல் கற்றவரல்லர். ஐசனெர்ஸ் இரும்புச் சுரங்கத்தில் சில காலம் தொழிலாளியாக இருந்தார். 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தார்; மூன்று பெண்குழந்தைகளுக்குத் தந்தையானார். படைப்பயிற்சி பெற்று 1941இல் ஊர் திரும்பியவர், இனி அழைக்கப்பட்டால் ஆயுதம் ஏந்துவதில்லை என முடிவு செய்தார். பிள்ளைகளுக்கான அரச உதவிப்பணத்தையும் ஏற்க மறுத்தார்.

இம்முடிவுக்கு அவர் கண்ட நியாயங்கள் வெறும் பக்தியுணர்வின் பாற்பட்டவையல்ல. போல்ஷெவிசத்தை ஒழிக்கும் புனிதப் போர் என்று சமயவாதிகளும் போற்றிய சோவியத் படையெடுப்பைப் பற்றி, நாம் எதிர்த்துப் போரிடுவது போல்ஷெவிசத்தையா, அன்றி ருஷ்ய மக்களையா என அவர் தமது குறிப்பேட்டில் வினவினார். ஆட்சியாளர் அயல்நாடுகள்மீது படையெடுப்பது அந்நாட்டு மக்களைத் திருத்துவதற்காக அன்று, தமக்கு ஆதாயம் தேடுவதற்காகவே என்றும் எழுதினார். மார்க்சிய நூலெதனையும் துணைக்கொள்ளாது, ஏகாதிபத்தியப் போரின் இயல்பை ஒரு விவசாயி இவ்வாறு இனங்கண்டமை மனங்கொள்ளத்தக்கது.

அவர் லின்ஸ் ஆயரைச் சந்தித்து ஆலோசனை கேட்டார். ஆட்சியாளரின் செயல்களுக்கு ஒரு தனிக் குடிமகன் ஏற்கவேண்டிய பொறுப்பு மிகக் குறைந்ததே. குடும்பத்துக்கான பொறுப்பே மேலானது என்பதே ஆயர் அளித்த விளக்கத்தின் சாரம். கருத்தியல் தொழிற்படும் முறையை இவ்விடை துல்லியமாகக் காட்டுகின்றது. கட்டளையிடுபவன் களத்தில் இல்லை. களத்தில் உள்ளவன் கட்டளையிடவில்லை. பொறுப்பு இவ்வாறு கூறுபோடப்படுகையில், குற்றம் நிகழ்கின்றது. குற்றவாளி இல்லாது போகின்றான். யேகர்ஸ்டெற்றர் இக்கூறுபாட்டை ஏற்கவில்லை.

1943 மார்ச் 1ஆம் திகதி, என்ஸ் நகரப் படைமுகாமில் அவர் தமது மறுப்பை அறிவித்தார். மருத்துவப் பணியாளராகச் சேவைசெய்ய முன்வந்தும் பயனில்லை. ஜூலை 6இல் பேர்லின் இராணுவ நீதிமன்று மரணதண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9இல் பிராண்டன்பேர்க் சிறையில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இம்மறுப்பால் போர் ஒருநாளேனும் முன்னதாக முடியவில்லை என்பது உண்மையே. அமைப்புரீதியான இயக்கமின்றித் தனிமனித அறவுணர்வு மட்டும் பாசிசத்தை வீழ்த்திவிடாது என்னும் நமது வாதம் இன்றும் வலுவுடையது. ஆனால் அவ்வாதம் நமக்கு வசதியானதாகவும் ஆகிவிடலாகாது. வரலாற்றுச் சக்திகளே அனைத்தையும் தீர்மானிக்கின்றன என்று கூறி ஒதுங்கும் அறிஞனும், அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதே கடமை என்று கூறும் ஆயரும் ஈற்றில் ஒரே இடத்தையே வந்தடைகின்றனர். அதே ஊரில், அதே வர்க்கத்தில், அதே கோயிலில் வழிபட்ட பிறர் போருக்குச் சென்றனர் என்பதையும் நாம் விளக்கவேண்டும். வர்க்கநிலை உணர்வுக்குக் களம் அமைக்கின்றது. முடிவை மனிதனே எடுக்கின்றான்.

அம்முடிவின் சுமையை அவர் மட்டும் சுமக்கவில்லை. முதலில் தடுத்துப் பார்த்துப் பின் துணைநின்ற பிரான்சிஸ்கா, தனித்து வயலையும் பிள்ளைகளையும் பேணினார். போர் முடிந்த பின்னரும் அயலவரின் புறக்கணிப்பு ஓயவில்லை. விதவை உதவிப்பணம் 1950 வரை மறுக்கப்பட்டது. தியாக வரலாறுகளில் பெண்ணின் உழைப்பு அடிக்குறிப்பாகவே எஞ்சுவது இங்கும் நிகழ்ந்தது.

1997இல் பேர்லின் நீதிமன்றமொன்று தண்டனைத் தீர்ப்பை இரத்துச் செய்தது. 2007இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. 1946இல் அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட அதே ஆயர் மறுத்திருந்தார். நிறுவனங்கள் மறுப்பாளரை அவர்தம் மறுப்பு ஆபத்தற்றதாகிய பின்னரே போற்றுகின்றன. அவர் கேட்ட கேள்வியோ பீடத்தில் ஏற்றப்பட்ட பின்னரும் ஆபத்தானதாகவே உள்ளது: என் பெயரால், என் கையால் நிகழும் அநீதிக்கு நான் பொறுப்பில்லையெனின், வேறு யார் பொறுப்பு? மத நம்பிக்கையாளர் மட்டுமன்றி நாமும் விடையிறுக்கவேண்டிய கேள்வி இது.